ஓய்வுக்காலத்தில் ஒரு டாங்கி: இராணுவ மாதிரிகளைக் கட்டத் தொடங்குவோருக்கு

பணி ஓய்வு பெற்ற முதல் மாதத்தில் நான் வீட்டிலிருந்த நான்கு மின்விசிறிகளையும் கழற்றித் துடைத்தேன். பழைய பாஸ் புத்தகங்களை ஆண்டுவாரியாக அடுக்கினேன். வங்கிக்கும் ஓய்வூதிய அலுவலகத்துக்குமாக நடந்தேன். மூன்றாவது மாதத்தில்தான் ஒரு பகல் எவ்வளவு நீளமானது என்பது தெரிந்தது. அம்பத்தூரில் வளர்ந்தவன் என்பதால், ஆவடிப் பக்கமிருந்து தட்டை வேகன்களில் தார்ப்பாய் போர்த்திய டாங்கிகள் போவதைத் தண்டவாள வேலியோரம் நின்று எண்ணிய நினைவு எனக்கு உண்டு. அந்த நினைவுதான் அறுபது வயதில் என்னைப் பிளாஸ்டிக் டாங்கிகளிடம் கொண்டுவந்து சேர்த்தது. முப்பத்தாறு ஆண்டுகள் கணக்குப் பிரிவில் பேனாவைத் தவிர வேறு கருவி எதையும் பிடித்தறியாத கை இது. அந்தக் கைக்கே வசப்பட்டது உங்களுக்கும் வசப்படும் என்ற துணிவில், முதல் மாதிரியைப் பெட்டியைத் திறப்பதிலிருந்து கண்ணாடி அலமாரியில் வைப்பது வரை எப்படிக் கட்டுவது என்று இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் கைத்திறன் பாதி, காத்திருப்பு பாதி. பசை காய ஒரு நாள், பட்டி காய ஒரு நாள், வண்ணத்தின் ஒவ்வொரு பூச்சுக்கும் சில மணி நேரம் என்று போகும். நேரம் நிறையக் கையிலிருக்கும் ஓய்வுபெற்றவர்தான் இதற்குப் பொருத்தமானவர் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அலுவலகப் பழக்கம் நம்மை விடுவதில்லை. இன்றே முடித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று மனம் துடிக்கிறது. என் அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் கெட்டுப்போன மாதிரிகள் அத்தனையும் அந்தத் துடிப்பில் கெட்டவை.

எதை வாங்குவது

மாதிரிப் பெட்டியின் மேல் 1:35, 1:48, 1:72 என்று ஒரு விகிதம் அச்சிட்டிருக்கும். உண்மைப் பொருளின் 35 செ.மீ. நீளம் மாதிரியில் 1 செ.மீ. ஆகிறது என்பதே 1:35 என்பதன் பொருள். ஐந்தடி ஏழு அங்குல மனிதர் ஒருவர் 1:35-இல் ஏறத்தாழ 5 செ.மீ. உயரமும், 1:72-இல் இரண்டரை செ.மீ.க்குச் சற்றுக் குறைவான உயரமும் இருப்பார். விமானங்களுக்கு 1:72, 1:48 ஆகியவையும், தரைப்படை வண்டிகளுக்கு 1:35-உம் வழக்கத்தில் உள்ளன. இந்த 35 என்ற விசித்திரமான எண்ணுக்குப் பின்னால் பெரிய கணிதம் எதுவும் இல்லை. ஜப்பானின் தமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கியை மோட்டாரோடு ஓடும் பொம்மையாக வெளியிட்டபோது, பேட்டரிகளும் கியர் பெட்டியும் உள்ளே அடங்கும்படி உடலை அமைத்தார்கள். அப்படி வந்த அளவே பின்னர் உலக வழக்காகிவிட்டது.

கண் மங்கத் தொடங்கிய வயதில் 1:72 டாங்கியை எடுக்காதீர்கள். கடுகளவு பாகங்களைத் தேடியே நாள் போய்விடும். முதல் மாதிரியாக விமானத்தையும் நான் பரிந்துரைப்பதில்லை. விமானியின் கூண்டுக் கண்ணாடியில் ஒரு துளி பசை பட்டாலே அது கெட்டுவிடும். இறக்கை இணைப்பில் மயிரிழை இடைவெளி விட்டாலும் பார்ப்பவர் கண்ணில் உறுத்தும். டாங்கி பெருந்தன்மையானது. சேறும் தூசியும் அதற்கு இயல்பு என்பதால், தொடக்கநிலைப் பிழைகளில் பாதி சேற்றுக்கடியில் மறைந்துவிடும்.

எனவே 1:35 அளவில் ஒரு டி-55 டாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1971 போரில் நம் தரைப்படை பயன்படுத்திய வண்டி அது. மாதிரியில் உடல் சுமார் 18 செ.மீ. நீளமும், பீரங்கிக் குழலோடு சேர்த்தால் 26 செ.மீ. அளவும் வரும்; ஓர் அரைப்பக்கச் செய்தித்தாளின் மேல் வைத்து வேலை செய்யலாம். பக்கத்துக்கு ஐந்தே பெரிய சக்கரங்கள். முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவில் மட்டும் இடைவெளி சற்று அகலமாக இருக்கும். அந்த ஒரு இடைவெளியை வைத்துத்தான் அதன் தம்பியான டி-62-இலிருந்து இதைப் பிரித்தறிகிறார்கள். நம் படையில் இருந்தவற்றுக்கும் பெட்டியில் வருவதற்கும் சிறு வேறுபாடுகள் இருக்கக்கூடும். முதல் மாதிரியில் அந்த ஆராய்ச்சி வேண்டாம்.

ஆவடியில் செய்த வண்டிதான் வேண்டும் என்று என்னைப்போலவே உங்களுக்கும் தோன்றலாம். அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965 டிசம்பரில் வெளியே வந்தது. அதன் மாதிரிப் பெட்டியை நான் இதுவரை எந்தக் கடையிலும் கண்டதில்லை. ஆனால் அதே தொழிற்சாலையில் பின்னாளில் உருவான டி-72, டி-90 ஆகியவற்றுக்குத் தரமான பெட்டிகள் நிறைய உள்ளன. அவற்றை இரண்டாவது, மூன்றாவது மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்காரர் பலருக்கும் ஆசை தரும் இன்னொன்று, 1914 செப்டம்பர் 22 இரவில் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்துவிட்டு, கெட்டிக்காரரையும் கண்டிப்பானவரையும் குறிக்கும் ஒரு சொல்லை நம் பேச்சில் விட்டுச்சென்ற எம்டன் கப்பல். ரெவெல் நிறுவனம் அதை 1:350 அளவில் வெளியிட்டிருக்கிறது. மூன்று புகைபோக்கிகள், பத்துப் பீரங்கிகள், நூல் நூலாகக் கயிறுகள் என்று கையையும் கண்ணையும் சோதிக்கும் வேலை அது. மூன்று டாங்கிகளை முடித்த பிறகு எம்டனிடம் போங்கள்.

சென்னையில் மாதிரிப் பெட்டிகளை விற்கும் கடைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இணையத்தில் உள்நாட்டு விற்பனையாளரிடம் வாங்குவது எளிது. வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் சுங்க வரி சேரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தபால்காரர் வாசலில் நிற்கும்போது வீட்டாரிடம் அந்தத் தொகைக்கு விளக்கம் சொல்வது சிரமம். தீப்பற்றும் தின்னரும் ஸ்ப்ரே டப்பாக்களும் விமான அஞ்சலில் வர முடியாதவை. ஆகவே அவற்றை உள்நாட்டிலேயே வாங்குங்கள்.

மேசையும் கருவிகளும்

வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழும்படி ஜன்னலோரம் ஒரு சிறு மேசை போதும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். மேலே மின்விசிறி சுழலாத இடமாக அது இருக்க வேண்டும். சென்னையில் மின்விசிறி இல்லாமல் எப்படி உட்காருவது என்று கேட்பீர்கள். நான் காலை ஆறு முதல் ஏழரை வரை, காபிக்கும் குளியலுக்கும் இடையில் வேலை செய்கிறேன். அந்த நேரத்தில் விசிறி இல்லாமல் சமாளிக்க முடிகிறது. பிற்பகலில் விசிறிக்கடியில் டெக்கல் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னம்) ஒட்ட முயன்ற ஒரு நாளில், படைப்பிரிவின் எண் பறந்துபோய் என் மூக்குக்கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டது.

பிளாஸ்டிக் வெட்டுவதற்கென்றே விற்கும், ஒரு பக்கம் தட்டையான நிப்பர் ஒன்றை நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். மின்கம்பி வெட்டும் குறடு பாகத்தைக் கடித்து வெண்மையாக்கிவிடும். மாற்று அலகுகளோடு கூடிய ஒரு பேனாக் கத்தி, முனை சரியாகச் சேரும் ஒரு சாமணம், மெல்லிய தட்டை அரம் ஒன்று, 400, 600, 1000 எண்களில் வாட்டர் பேப்பர், பிளாஸ்டிக் மாதிரிகளுக்கான மெல்லிய பசை ஒரு குப்பி ஆகியவை மற்ற தேவைகள். மீதி எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. தீர்ந்துபோன மாத்திரை அட்டையின் குழிகள் வண்ணம் கலக்க மிக வசதியானவை. நம் வயதில் அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. காலை, மதியம், இரவு என்று கட்டம் பிரித்த மாத்திரைப் பெட்டியில் சிறு பாகங்களைப் பிரித்து வைக்கலாம். எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சிகள் பாகங்களைக் குத்திப் பிடித்து வண்ணம் தீட்ட உதவும். இட்லித் தட்டிலும் கை வைத்தேன். அது சமையலறைக்குத் திரும்பக் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டதால், எனக்கு ஒரு தட்டும் வீட்டுக்கு ஒரு புதிய இட்லிப் பானையும் கிடைத்தன.

பழைய வேட்டி ஒன்றின் ஒரு முனையை மேசை விளிம்பில் கிளிப்பால் மாட்டி, மறுமுனையை மடியில் விரித்துக்கொள்ளுங்கள். நழுவும் பாகங்கள் தரைக்குப் போகாமல் மடியிலேயே விழும். கத்தியும் சில சமயம் விழும் என்பதால், அப்போது காலைச் சேர்த்துப் பிடிக்காமல் விலக்கிக்கொள்ளப் பழகுங்கள். சர்க்கரை நோயாளிகளும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களும் இடக்கையின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் தோல் உறை போட்டுக்கொள்வது நல்லது. கை நடுங்குகிறவர்கள் இரு முழங்கைகளையும் மேசைமேல் ஊன்றி, ஒரு கையின் சுண்டுவிரலை மறு கையில் முட்டுக்கொடுத்துப் பாருங்கள். நடுக்கம் பெருமளவு அடங்குவதைக் காண்பீர்கள்.

வெட்டுதல், ஒட்டுதல், பட்டி பார்த்தல்

பெட்டியைத் திறந்ததும் பாகங்கள் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டியபடி சட்டம் சட்டமாக இருக்கும். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வர அவற்றின்மேல் எண்ணெய்ப்பசை தடவியிருப்பார்கள். அது இருந்தால் வண்ணம் பிடிக்காது. பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் சட்டங்களை அலசி நிழலில் காய வையுங்கள். மொட்டை மாடி வெயில் வேண்டாம். மெல்லிய பாகங்கள் வளைந்துவிடக்கூடும். அதே காரணத்துக்காக, வாங்கிய பெட்டியை வெயிலில் நிற்கும் காரிலும் விட்டுவைக்காதீர்கள்.

விளக்கத் தாளை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை படியுங்கள். பிறகு எந்தெந்தப் பாகங்களை வண்ணம் தீட்டுவதற்கு முன் ஒட்டலாம், எவற்றைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். டாங்கியில் பொதுவாக உடலை ஒரு தொகுதியாகவும் பீரங்கியைத் தாங்கும் கோபுரத்தை இன்னொரு தொகுதியாகவும் வைத்து, சக்கரங்களையும் சங்கிலித் தடங்களையும் தனியாக வண்ணம் தீட்டிக் கடைசியில் பூட்டுவோம். பாகங்களை மொத்தமாக வெட்டி வைக்காமல், அந்தந்தப் படிக்குத் தேவையானதை மட்டும் வெட்டுங்கள். எண் எழுதியிருப்பது சட்டத்தில்தானே தவிர பாகத்தில் இல்லை.

வெட்டுவதை எப்போதும் இரண்டு தவணையாகச் செய்ய வேண்டும். முதலில் பாகத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி வெட்டி, பிறகு எஞ்சிய முளையை ஒட்ட வெட்டினால் பாகத்தில் குழி விழாது. மிச்சமிருக்கும் தழும்பைக் கத்தியால் சீவி, 600 எண் தாளால் நீர் தொட்டுத் தேயுங்கள். நீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறந்து மூச்சில் ஏறாது, தாளும் அடைபடாது. இரண்டு பாதி அச்சுகள் சேர்ந்த இடத்தில் ஓடும் மெல்லிய கோட்டையும் இதேபோல் நீக்குங்கள். டி-55-இன் பீரங்கிக் குழலில் இந்தக் கோடு நீளத்துக்கும் ஓடினால், எவ்வளவு அழகாக வண்ணம் தீட்டினாலும் அது பிளாஸ்டிக் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒட்டும் முன் பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். இந்தப் பசை சாதாரணக் கோந்தைப்போல் நடுவில் நின்று இரண்டையும் பிடித்துக்கொள்வதில்லை. இரு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் சற்றே கரைத்து ஒன்றாக உருக்கிவிடுகிறது. வண்ணம் தீட்டிய பரப்பில் அது பிடிக்காமல் போவதற்கும், ஒட்டியபின் பிரிக்க முடியாமல் போவதற்கும் இதுவே காரணம். இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பசைத் தூரிகையின் நுனியால் இணைப்பைத் தொட்டாலே போதும். குழம்பு இட்லிக்குள் இறங்குவதுபோல் பசை தானாகவே இடுக்கில் ஓடிவிடும். ஓரிரு நொடி கழித்து மெல்ல அழுத்தினால், உருகிய பிளாஸ்டிக் மயிரிழையாகப் பிதுங்கி நிற்கும். அதைத் துடைக்காதீர்கள். ஒரு நாள் முழுதும் காயவிட்டுக் கத்தியால் சீவினால் இணைப்பே தெரியாமல் மறைந்துவிடும். குழலின் இரு பாதிகளை ஒட்ட இதைவிடச் சிறந்த முறையை நான் அறியேன்.

அப்படியும் இடைவெளி தெரிந்தால் பட்டி பார்க்க வேண்டியதுதான். கார் டிங்கரிங் கடைகளில் கிடைக்கும் மெல்லிய பட்டி பயன்படும். பெரிய பள்ளத்துக்கு எம்-சீல் போதும். எனக்குப் பிடித்த முறை வேறு. வெட்டி எறியும் சட்டத் துண்டுகளைப் பொடியாக நறுக்கி, பாதி தீர்ந்த பசைக் குப்பியில் போட்டு இரண்டு நாள் விட்டுவைத்தால் தேன் பதத்தில் ஒரு கூழ் கிடைக்கும். மாதிரியின் பிளாஸ்டிக்கே அந்தக் கூழாகியிருப்பதால், காய்ந்தபின் தேய்க்கும்போது ஒரே கடினத்தில் தேயும். ஃபெவிக்விக்கை உலோக, ரப்பர் பாகங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஆவி கண்ணாடிப் பாகங்களில் வெண்புகையாகப் படியும். கண்ணாடிப் பாகங்களுக்குச் சாதாரண ஃபெவிகாலே சிறந்தது. காய்ந்தால் தெளிவாகிவிடும், பிசகினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

வண்ணம்

வண்ணத்துக்கு முன் பிரைமர். சாம்பல் நிறப் பிரைமரை ஸ்ப்ரே டப்பாவிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து, மாதிரிக்கு வெளியே தொடங்கி மாதிரியைக் கடந்து வெளியே முடியும்படி வீசி வீசி அடியுங்கள். ஒரே நிறமாக மாறியதும், அதுவரை கண்ணுக்குப் படாத கீறலும் பசைத் தடமும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். மறுபடி தேய்த்து, அந்த இடங்களில் மட்டும் மறுபடி அடியுங்கள். பால்கனியிலோ மாடியிலோ மட்டுமே இதைச் செய்ய வேண்டும். சமையலறைக்கும் பூஜை விளக்குக்கும் அருகில் ஸ்ப்ரே டப்பாவைக் கொண்டுபோகவே கூடாது. கொரோனாக் காலத்தில் வாங்கி மீந்த என்-95 முகக்கவசம் தூளைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிம ஆவிக்கான வடிகட்டிக் குப்பி பொருத்திய முகமூடியே தேவை.

சென்னைக்காரர் பருவத்தையும் பார்த்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது ஸ்ப்ரே அடித்தால், வேகமாக ஆவியாகும் தின்னர் பரப்பைக் குளிரவைக்க, அதில் ஈரம் படிந்து பூச்சு பால்போல் வெளுத்துவிடுகிறது. ஒரு நவம்பர் மாலையில், இரண்டு மாத உழைப்பின்மேல் கடைசி மங்கல் வார்னிஷை அடித்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது டாங்கி விபூதி பூசிக்கொண்டு நின்றது. வறண்ட நாள் ஒன்றில் பளபளப்பு வார்னிஷை மெல்லியதாக அடித்ததும் பெரும்பகுதி தெளிந்தது என்றாலும், சக்கரங்களுக்கிடையில் இன்றும் அந்த விபூதி உண்டு. இப்போது ஸ்ப்ரே வேலை அனைத்தையும் தை, மாசி, பங்குனிக்கு ஒதுக்கிவிட்டு, மழை மாதங்களில் வெட்டுவதும் ஒட்டுவதும் தேய்ப்பதுமாக இருக்கிறேன். அந்த மூன்று மாதங்களிலும் முற்பகல் பத்து மணிக்குமேல், பனி விலகி, கடற்காற்று வருவதற்கு முன்பான நேரமே உகந்தது.

அடிவண்ணத்தைத் தூரிகையாலேயே தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள். காற்றால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷும் அதற்குக் காற்றழுத்தம் தரும் கம்பிரசரும் அருமையான கருவிகள். ஆனால் அவற்றைத் துடைத்துச் சுத்தம் செய்யும் நேரம் தீட்டும் நேரத்தைவிட அதிகம். மூன்று மாதிரி முடிந்தும் ஆர்வம் குறையாதிருந்தால் அப்போது வாங்கலாம். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தில், தூரிகைக்கென்றே தயாரானதைத் தேர்ந்தெடுங்கள். தமியாவின் எக்ஸ்எஃப் வரிசை ஏர்பிரஷ்ஷுக்கு மிகச் சிறந்தது என்றாலும், தூரிகையில் சீக்கிரம் காய்ந்து இரண்டாவது இழுப்பில் அடிப்பூச்சைப் பெயர்த்துவிடும். வல்லெஹோ நிறுவனத்தின் வண்ணங்கள் போன்றவை தூரிகைக்கு இணக்கமானவை.

பதம்தான் இதில் முக்கியம். குப்பியில் இருப்பது தோசை மாவுப் பதம். தீட்ட வேண்டியது பால் பதம். அரை அங்குலத் தட்டைத் தூரிகையால் ஒரே திசையில் மெல்லிய பூச்சாக இழுத்துவிட்டு, ஈரமாக இருக்கும்போது அதே இடத்துக்குத் திரும்பாதீர்கள். முதல் பூச்சு பார்க்கச் சகிக்காது. பிரைமர் திட்டுத் திட்டாகத் தெரியும். இங்கேதான் பலர் மனம் தளர்ந்து வண்ணத்தைக் கெட்டியாக அப்பிவிடுகிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்துக் குறுக்குத் திசையில் இரண்டாவது பூச்சு, மறுநாள் காலை மூன்றாவது பூச்சு என்று போனால் திருகாணித் தலைகூட மறையாமல் வண்ணம் சீராக உட்காரும்.

நிறம் பெட்டியில் சொன்னபடியே இருந்தாலும், சிறிய பொருளில் அது இருண்டு தெரியும். தூரத்தில் நிற்கும் உண்மை டாங்கியை நம் கண்ணுக்கும் அதற்கும் இடையிலுள்ள காற்று வெளுக்கச் செய்கிறது. கைக்கெட்டும் தூரத்திலிருக்கும் மாதிரிக்கு அந்தக் காற்று இல்லை. எனவே ஆலிவ் பச்சையில் சந்தன நிறம் சில சொட்டு கலந்து சற்றே வெளுக்க வையுங்கள். வெள்ளையைக் கலந்தால் பச்சை சுண்ணாம்படித்ததுபோல் ஆகிவிடும்.

டெக்கல் ஒட்டுதல்

எண்களும் சின்னங்களும் நீரில் நனைத்து ஒட்டும் தாளில் வரும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, வெளிச்சத்தில் வெள்ளியாக மினுங்கும். ஆகவே ஒட்டும் இடத்தில் முதலில் பளபளப்பு வார்னிஷ் பூசிக் காயவிடுங்கள். தாளை அளவாக வெட்டி, சாமணத்தால் பிடித்துப் பதினைந்து இருபது நொடி நீரில் நனைத்து, ஒரு நிமிடம் வெளியே வைத்தால் சின்னம் தாளிலிருந்து வழுக்கத் தொடங்கும். அதை இழுக்காமல், நனைந்த தூரிகையால் மாதிரியின்மேல் தள்ளுங்கள். இதற்கு ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைத் தொடாதீர்கள். காய்ந்தபின் பக்கெட்டில் படியும் அதே உப்பு, சின்னத்தைச் சுற்றியும் வெள்ளை வட்டமாகப் படியும். கேன் தண்ணீர் ஒரு கிண்ணம் போதும்.

அழுக்காக்குதல்

இந்தப் பகுதிக்காகவே நான் மாதிரிகளைக் கட்டுகிறேன் என்று சொன்னால் மிகையாகாது. இதுவரை செய்ததில் ஒரு பொம்மை கிடைத்திருக்கிறது. இனி அதை ஒரு வண்டியாக்க வேண்டும்.

கையில் தூரிகையை எடுக்கும் முன் ஒரு நடை போய்வாருங்கள். மெட்ரோ ரயில் பணி நடக்கும் ஏதேனும் ஒரு சாலையில், சங்கிலித் தடத்தில் ஊரும் மண்ணள்ளும் இயந்திரம் ஒன்று கட்டாயம் நிற்கும். வேலிக்கு வெளியே நின்று அதைப் பத்து நிமிடம் பாருங்கள். தடத்தின் வெளிமுகத்தில் தரையைத் தொடும் முகடுகள் மட்டும் வெள்ளிபோல் தேய்ந்து மின்னும். பள்ளங்களில் மண் உலர்ந்து இறுகியிருக்கும். ஓட்டுநர் ஏறும் படியின் விளிம்பில் வண்ணம் போய் இரும்பு தெரியும், ஆனால் அவர் கால் படாத மறு பக்கத்தில் வண்ணம் அப்படியே இருக்கும். எண்ணெய் ஊற்றும் மூடிக்குக் கீழே கருத்த ஒழுகல் ஒன்று. அதில் தூசி ஒட்டி அந்த இடம் மட்டும் இருண்டிருக்கும். மழை பெய்த மறுநாளில் தூசி செங்குத்துக் கோடுகளாக வழிந்து நிற்கும். நான் ஒரு முறை கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது காவலாளி வந்து, என்ன சார் பார்க்கறீங்க என்று கேட்டார். துருவைப் பார்க்கிறேன் என்றேன். அவரும் சற்று நேரம் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போனார்.

பார்த்ததை மாதிரியில் கொண்டுவர மூன்று உத்திகள் போதும். முதலாவது கழுவல். ஓவியர்கள் பயன்படுத்தும் எண்ணெய் வண்ணத்தில் அடர் பழுப்பைக் கடுகளவு எடுத்து, மணமற்ற டர்பன்டைனில் டிகாக்ஷன் நிறத்துக்கு நீர்க்கக் கரையுங்கள். மிக மெல்லிய தூரிகையின் நுனியால் திருகாணி, மூடி, தகடு இணைப்பு ஆகியவற்றின் ஓரத்தைத் தொட்டால் அது இடுக்கெல்லாம் ஓடி நிழலாக நிற்கும். வழிந்ததை அரை மணி நேரம் கழித்து டர்பன்டைன் தொட்ட துணியால் துடைக்கலாம். அடியில் காய்ந்த அக்ரிலிக்கையும் வார்னிஷையும் டர்பன்டைன் கரைக்காது என்பதால்தான் இந்த வரிசையில் செய்கிறோம். அவசரத்தில் நெயில் பாலிஷ் நீக்கும் அசிட்டோனால் துடைத்துவிடாதீர்கள். வண்ணம் மட்டுமன்றிப் பிளாஸ்டிக்கும் கரைந்து வழியும்.

இரண்டாவது, உலர் தூரிகை. அடிநிறத்தைவிடச் சற்று வெளிறிய வண்ணத்தைப் பழைய தூரிகையில் தொட்டு, செய்தித்தாளில் ஏறக்குறைய எதுவும் பதியாத வரை துடைத்துவிட்டு, மாதிரியின் விளிம்புகளை லேசாக வருடுங்கள். முகடுகளில் மட்டும் வண்ணம் பிடிக்கும். தடத்தின் தேய்ந்த முகடுகளுக்கு மென்மையான பென்சில் கரியை விரல் நுனியில் தேய்த்துத் தடவினால் இரும்பின் மினுக்கம் அப்படியே வந்துவிடும். அதற்கு எந்த வண்ணமும் ஈடில்லை.

மூன்றாவது தூசி. இதற்கு வெளிர் பழுப்புச் சாக்பீஸ் வகை ஓவியக் குச்சியை உப்புத்தாளில் தேய்த்துக் கிடைக்கும் பொடி போதும். சக்கரங்களிலும் உடலின் கீழ்ப்பகுதியிலும் அதைத் தூவி, டர்பன்டைன் ஒரு சொட்டு வைத்தால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். தூசிக்கு ஊர் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ராஜஸ்தான் மணல் வெளிறிய மஞ்சள். பஞ்சாப் சமவெளியின் வண்டல் சாம்பல் கலந்த பழுப்பு. நம் செங்கல்பட்டுப் பக்கத்துச் செம்மண் வேறு. 1971-இன் மேற்கு முனையில் நின்ற டாங்கிக்குச் செம்மண் பூசினால், அங்கே பணிபுரிந்த முன்னாள் படைவீரர் யாரேனும் உங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார். எல்லாப் பக்கத்தையும் சமமாக அழுக்காக்குவது தொடக்கக்காரரின் பொதுவான பிழை. கீழே அதிகம், மேலே குறைவு. பின்னால் அதிகம், முன்னால் குறைவு. ஆள் ஏறும் இடத்தில் தேய்மானம், ஏறாத இடத்தில் தூசி. போதும் என்று தோன்றுவதற்குச் சற்று முன்பே நிறுத்திவிட்டு மறுநாள் காலை வெளிச்சத்தில் பாருங்கள்.

கடைசியாக மங்கல் வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு, வறண்ட நாளில். பொடி தூவிய இடங்களில் அதைப் படாமல் விட்டால் தூசி தூசியாகவே இருக்கும். தடத்தைப் பூட்டும்போது, மேற்பகுதி சக்கரங்களின்மேல் சற்றுத் தொய்ந்து படிய வேண்டும். உண்மை டி-55-இல் அதைத் தாங்கும் சிறு உருளைகள் கிடையாது என்பதால் தடம் தன் எடையில் தொங்கும். ரப்பர் தடமாக இருந்தால், சக்கரத்துக்கும் தடத்துக்கும் நடுவில் ஃபெவிக்விக் ஒரு துளி வைத்து, காயும்வரை பஞ்சால் அழுத்திப் பிடியுங்கள்.

முடித்த மாதிரியைத் திறந்த அலமாரியில் வைத்தால் ஒரே மாதத்தில் உண்மைத் தூசி படிந்து, நீங்கள் பூசிய தூசியை மூழ்கடித்துவிடும். அடியில் மரப்பலகை வைத்த சிறு கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் தச்சரிடம் செய்துகொள்ளுங்கள். மாத்திரைக் குப்பியில் வரும் ஈரம் உறிஞ்சும் பையை ஒரு மூலையில் போட்டுவையுங்கள். டாங்கியைப் பலகையில் இரண்டு சக்கரங்களுக்கடியில் பசை வைத்து ஊன்றிவிட்டால், எடுப்பவர்கள் பலகையைப் பிடித்தே எடுப்பார்கள்.

நவராத்திரியில் எங்கள் வீட்டுக் கொலுப் படிக்குப் பக்கத்தில் பேத்தி போடும் பார்க்கில், செட்டியார் பொம்மைக் கடைக்கும் தெப்பக்குளத்துக்கும் நடுவில் இந்த டி-55-க்கும் ஓர் இடம் கிடைக்கிறது. உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். கொடுங்கள், ஆனால் ஒன்பது நாளும் சுண்டல் வாங்க வரும் பிள்ளைகள் முதலில் கை வைப்பது பீரங்கிக் குழலில்தான். ஆகவே குழலைக் கோபுரத்தில் ஒட்டாமல் செருகி மட்டும் வையுங்கள். பிடுங்கினால் உடையாமல் கையோடு வரும், பிறகு செருகிவிடலாம்.